குட்டையைக் கலக்கிய நண்டு

நெல்வயலை ஒட்டி ஒரு குட்டை. அதில் செல்லி என்ற தவளையும் அதன் நூறு தலைப்பிரட்டைக் குஞ்சுகளும் இருந்தன. குஞ்சுகள் நாளெல்லாம் பாசியைத் தின்று வாலை ஆட்டித் திரிந்தன; சிறு மீன்கள் அந்தப் பாசிக்குள் ஒளிந்து வாழ்ந்தன.

ஒருநாள் வயலில் களைக்கொல்லி அடித்தார்கள். வயல்தண்ணீர் வாய்க்கால் வழியாகக் குட்டைக்குள் வடிந்தது. இரண்டே நாளில் பாசி மஞ்சளாகிக் கருகியது. குஞ்சுகள் பசியில் துவண்டன. செல்லிக்குப் பெற்ற வயிறு பற்றி எரிந்தது.

வரப்பில் வளை தோண்டி வாழ்ந்த நண்டு ஓடி வந்தது. "அக்கா, வாய்க்காலை அடைத்துவிட்டேன். இனி என் வளைக் களிமண்ணைக் குட்டையில் கரைப்போம். விஷத்தைப் பிடித்துக்கொண்டு அது அடியில் படியும். இரண்டு நாள் தண்ணீர் கலங்கலாக இருக்கும், அவ்வளவுதான்!"

கரையில் நின்ற கொக்கு இறக்கையை உதறியது. "சீச்சீ! கண்ணாடி மாதிரி இருக்கும் தண்ணீரில் சேற்றைக் கலப்பார்களா? பிள்ளைகளுக்கு மூச்சு முட்டும் செல்லி! சேற்றில் கிடப்பவனுக்குச் சுத்தத்தைப் பற்றி என்ன தெரியும்?"

வெள்ளை உடம்பு, அக்கறையான பேச்சு. செல்லி நம்பிவிட்டது. "வேண்டாம் தம்பி, போ" என்று நண்டை அனுப்பிவிட்டது.

மறுநாள் காலையில் முப்பது குஞ்சுகள் செத்து மிதந்தன. செல்லி கதறியது. ஆறுதல் சொல்லக்கூட ஆளில்லை. கொக்கு எங்கே என்று தேடியது.

கொக்குக்கு ஒன்றே மதி என்பார்கள். மறைந்துகொள்ளப் பாசியில்லாத மீன்களை அது ஒவ்வொன்றாகக் கொத்திக்கொண்டிருந்தது.

"கொக்கண்ணா! தண்ணீர் கலங்கினால் மூச்சு முட்டுவது என் பிள்ளைகளுக்கா, மீன் கிடைக்காமல் உனக்கா?" என்று செல்லி கேட்டது.

கொக்கின் வாய் நிறைய மீன். அதை விழுங்கிவிட்டு அடுத்ததைக் கொத்தப் போனது.

செல்லி வெட்கத்தை விட்டு நண்டின் வளைக்குப் போனது. "தம்பி, நான் கெட்டேன்! மிச்சப் பிள்ளைகளையாவது காப்பாற்று!"

நண்டு ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. தன் இனத்தையே கூட்டி வந்து களிமண்ணைக் கரைத்தது. செல்லி காலால் உதைத்துக் கலக்கியது. கொக்கு முனகிக்கொண்டே வேறு குட்டைக்குப் பறந்தது.

மூன்றாம் நாள் மண் படிந்தது. நண்டுகள் அந்த விஷமண்ணைக் கொடுக்கால் அள்ளி, தூரத்து மேட்டில் குழி தோண்டிப் புதைத்தன. மெல்லப் பாசி துளிர்த்தது. பிழைத்த குஞ்சுகள் அதைக் கடித்தன. செல்லி எண்ணிப் பார்த்தது. அறுபத்திரண்டுதான் இருந்தன.

தெளிவாகத் தெரிவதையெல்லாம் சுத்தமென்று நம்பாமல், புத்தி சொல்பவருக்கு அதில் என்ன ஆதாயம் என்றும் பார்க்க வேண்டும்.