நாலடி லென்ஸ்

“டீச்சர், வெளியில வெளிச்சத்துல வச்சு ஒரு முகம் எடுக்கணும். அம்பது எம்.எம்.மா, எண்பத்தஞ்சா, நூத்தி முப்பத்தஞ்சா? எந்த லென்ஸை வாங்கட்டும்?”

கேட்டவர் அணைந்தபெருமாள். வயது அறுபது. பஸ் நிலையத்தில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் விசில் ஊதாத நாட்களில் சூரியன்கூடக் கிளம்பத் தயங்கி நின்றதாகப் பாளையங்கோட்டையில் பேச்சு உண்டு.

டீச்சர் என்று அவர் அழைத்தது பிரிசில்லாவை. வயது முப்பத்திரண்டு. கேமரா பழுது பார்க்கிறவள். பூஞ்சை பிடித்த லென்ஸை அவள் கையில் எடுத்தால் போதும், பூஞ்சை மன்னிப்புக் கேட்டுக்கொண்டு தானாக இறங்கிப் போய்விடும். சனிக்கிழமைதோறும் அவளிடம்தான் அவருக்குப் புகைப்படப் பாடம்.

பிரிசில்லா வேலையிலிருந்து நிமிரவில்லை.

“மூணுமே ஜூம் ஆகாது அண்ணாச்சி. ஆள் பெரிசாத் தெரியணும்னா நீங்கதான் நடக்கணும். தலையும் தோளும் வாரதுக்கு, உங்க கேமராவுல அம்பதுக்கு நாலடி. எண்பத்தஞ்சுக்கு ஏழடி. நூத்தி முப்பத்தஞ்சுக்குப் பதினோரடி.”

“அப்போ நூத்தி முப்பத்தஞ்சு.”

“வெலை தெரியுமா?”

“ஸ்கூட்டரை வித்திருதேன்.”

அவள் அலமாரியிலிருந்து சின்ன லென்ஸ் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தாள்.

“அம்பது. இருக்கதுலயே வெலை குறைச்சல். முகம் துலக்கமா வரும், பின்னால இருக்கது மங்கும். இது போதாதா?”

“பின்னால இன்னும் மங்கணும்.”

“ஆளைப் பின்னால இருக்க மரத்தை விட்டுப் பத்தடி முன்னால நிறுத்துங்க. மங்கும்.”

“பக்கத்துல போனா மூக்கு பெரிசாத் தெரியும்.”

“நாலடியில தெரியாது.”

“எதிர்ல இருக்கவங்களுக்குக் கூச்சமா இருக்கும்லா?”

“அவங்களுக்கா, உங்களுக்கா?”

அணைந்தபெருமாள் மேஜையில் இருந்த லென்ஸை உருட்டினார்.

பிரிசில்லா அந்த லென்ஸை அவர் கேமராவில் மாட்டினாள். கடைக்குப் பின்னால் போய் வேப்பமர நிழலில் நின்றாள்.

“என்னை எடுங்க.”

நாலடியில் நின்று எடுத்தார். கன்னத்தில் இருந்த எண்ணெய்க் கறைகூடப் படத்தில் தெளிவாக விழுந்திருந்தது.

“என் மூக்கு சரியாத்தான இருக்கு?”

“இருக்கு.”

“உங்க கையும் நடுங்கல.”

“என்னத்துக்கு நடுங்கணும்?”

“அதத்தான் நானும் கேக்கேன். யாரை எடுக்கப் போறீங்க?”

அவர் லென்ஸுக்கு மூடி போட்டார்.

“என் வீட்டுக்காரி பகவதியை.”

“சரி.”

“திங்கட்கிழமை ஆபரேஷன். வாயில புத்துநோய். வலது தாடையில பாதியை எடுத்திருவாங்களாம். ஆஸ்பத்திரியிலேர்ந்து வரும்போது பஸ்ல வச்சு சொன்னா, இந்த முகம் போறதுக்குள்ள வெயில் வெளிச்சத்துல ஒரு படம் எடுத்துக் குடுங்கன்னு.”

“எடுக்கலையா?”

“போன ஞாயித்துக்கிழமை ஆத்தங்கரைக்குக் கூட்டிட்டுப் போனேன். பழைய ஜூம் லென்ஸ். நாப்பது படம் எடுத்தேன். ஒண்ணுகூட வெளங்கல. லென்ஸ் கோளாறு.”

பிரிசில்லா கேமராவை வாங்கி ஒவ்வொரு படமாகப் பார்த்தாள். நாற்பதையும் பார்த்தாள். அவசரப்படவில்லை.

“படமெல்லாம் துல்லியமாத்தான் இருக்கு. லென்ஸ்ல ஒரு கோளாறும் இல்ல.”

“பின்ன ஏன் நல்லா வரல?”

“இதுல அவங்க என்னத்தத் தேடுதாங்க?”

அவர் கேமராவை வாங்கினார்.

படித்துறையில் பகவதி உட்கார்ந்திருந்தாள். முதல் படத்தில் இடப்பக்கம் பார்த்தாள். அடுத்ததில் வலப்பக்கம். அதற்கடுத்ததில் கண்ணுக்குமேல் கையை வைத்துக்கொண்டு, கழுத்தை நீட்டி, தூரத்தில் பார்த்தாள்.

ஏழாவது படத்தில் அவர் கட்டைவிரல் நின்றுவிட்டது.

“நீங்க எங்க நின்னீங்க அண்ணாச்சி?”

“மேல. மருத மரத்துக்குப் பின்னால ஒளிஞ்சு.” கேமராவை இறக்கினார். “இயல்பா வரட்டும்னு…”

பிரிசில்லா உள்ளே போய் அலமாரியைப் பூட்டினாள். சின்ன லென்ஸ் அவர் கேமராவிலேயே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. தாமிரபரணிக் கரையில் மருத மரங்களின் நிழல் நீளமாக விழுந்திருந்தது. நிழல் முடிகிற இடத்தில் பகவதியை நிறுத்தினார். முகத்தில் வெளிச்சம் சுடாமல் விழுந்தது.

பதினோரடியில் நின்று கேமராவைத் தூக்கினார். படத்துக்குள் அவள் சின்னதாக, முழங்கால்வரை தெரிந்தாள்.

கேமராவை இறக்கிவிட்டு நடந்தார்.

மொத்தம் ஏழடி. முப்பத்தெட்டு வருடம் ஊருக்கெல்லாம் பஸ் அனுப்பிவைத்த மனுஷன், பாபநாசத்துக்கே நடந்து போய்த் திரும்பியவர் மாதிரி மூச்சு வாங்கினார். வழியில் ஆறு இரண்டு முறை வற்றி நிறைந்ததாகப் பிறகு அவரே சொல்வார்.

நாலடியில் நின்றார்.

வலது தாடையில் வீக்கம் தெரிந்தது. தோல் இழுபட்டு மினுங்கியது. பவுடர் போட்டு மறைக்கப் பார்த்திருக்கிறாள். இடது கண்ணின் ஓரத்தில் மூன்று சுருக்கங்கள். அவை எப்போது வந்தன என்று அவருக்குத் தெரியவில்லை.

கேமராவை எடுத்தார்.

“அதை உடனே கண்ணுல வைக்காதீங்க,” என்றாள் பகவதி. “கொஞ்ச நேரம் இப்படியே நில்லுங்க.”