பாதி மீசையோடு அதிகாரி

முன்னொரு காலத்தில் கொன்றைநாட்டைக் கஜமாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் நினைத்தால் நினைத்ததுதான். காலையில் சபை கூடியதும் எல்லோர் முன்னாலும் சிம்மாசனத்தில் சாய்ந்தபடி முகம் மழித்துக்கொள்வான். வழக்குக் கேட்பதும் அப்போதுதான். அந்த முகத்தைத் தொடும் உரிமை நாவிதன் அம்பலவன் ஒருவனுக்கே உண்டு.

அன்று அம்பலவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீட்டில் மகள் செவந்தி அனலாய்க் கொதித்துக் கிடந்தாள். தாயில்லாப் பிள்ளை. பக்கத்து வீட்டுக்காரியிடம் கெஞ்சி விட்டுவிட்டு வந்திருந்தான். வெயில் ஏறினால் அவளும் நடவுக்குப் போயாக வேண்டும். அப்புறம் பிள்ளை வாயில் தண்ணீர் விட ஆள் கிடையாது.

வந்ததும் வராததுமாக அரண்மனை அதிகாரி தாண்டவராயரிடம் போய் நின்றான். "சாமி, பிள்ளை கண்ணே திறக்கலீங்க. காய்ச்சல் இறங்கற வரைக்கும் வீட்டோட இருந்துக்கறேன்."

தாண்டவராயர் மீசையை முறுக்கினார். தினமும் நெய் தடவி வளர்த்த மீசை. மனுஷர் அதற்குப் பின்னால்தான் நடந்துவருவார். "தாராளமாக இரு. ஒரு நாள் வராவிட்டாலும் இந்த மாத நெல் கிடையாது, அவ்வளவுதான்."

அம்பலவன் கணக்குப் போட்டுப் பார்த்தான். வீட்டில் இருந்தால் கஞ்சிக்கு நெல் இல்லை. இங்கே இருந்தால் கஞ்சியை ஊட்ட ஆளில்லை. வேறு வழி தெரியாமல் சபைக்குள் போனான்.

ராஜாவின் ஒரு கன்னத்தை எப்படியோ முடித்தான். பிறகு தீட்டிய கத்தியையே திரும்பத் திரும்பத் தீட்டினான். கண் வாசலில் ஏறிய வெயில் மேலேயே இருந்தது. நடவுக்குப் போயிருப்பாளோ? போயிருப்பாள். பிள்ளை தண்ணீர் கேட்குமோ?

கத்தி ராஜாவின் தொண்டைக்குழிக்கு வந்த நேரம், அவன் அதிகாரியிடம் கெஞ்சியதைக் காதில் வாங்கியிருந்த மந்திரி கூத்தனார் மெதுவாகக் கேட்டார். "அம்பலவா, குழந்தைக்கு எப்படி இருக்கிறது?"

கத்தி அப்படியே நின்று, மெல்ல நடுங்கியது. ராஜா எச்சில்கூட விழுங்கவில்லை.

"தெ... தெரியலீங்களே சாமி," என்றான் அம்பலவன். கண்ணீர் ராஜாவின் நெற்றியில் சொட்டியது.

"கத்தியை எடுடா முதலில்!" என்று ராஜா துள்ளி எழுந்தான்.

நடந்ததையெல்லாம் மந்திரி எடுத்துச் சொன்னார். தாண்டவராயருக்கு மந்திரியைக் கண்டாலே ஆகாது. "மன்னா, இவனை அனுப்பினால் தங்கள் முகத்தைத் தொட வேறு கை ஏது? மனசு எங்கே அலைந்தால் நமக்கென்ன? கை இங்கே இருக்கிறதல்லவா, அது பாட்டுக்கு வேலை செய்யும்."

"அதிகாரி சொன்னால் சரியாகத்தான் இருக்கும்," என்றார் மந்திரி பணிவாக. "அதை அவர் முகத்திலேயே பார்த்துவிடுவோமே."

ராஜாவுக்குக் குஷி பிறந்துவிட்டது. "உட்காரும், தாண்டவராயரே!"

மாட்டேன் என்று சொல்ல முடியுமா? உட்கார்ந்தார். "மீசைப் பக்கம் வராதே" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். அம்பலவன் அவர் கன்னத்தில் கத்தியை வைத்தான். மனு கொடுக்க வரும் பெண்கள் அந்த வேளையில் பிள்ளைகளோடு வாசலில் காத்திருப்பார்கள் என்பது மந்திரிக்குத் தெரியாதா என்ன? யார் பிள்ளையோ வீறிட்டு அழுதது.

"செவந்தி!" என்று அம்பலவன் திரும்பினான். கையும் கூடத் திரும்பியது. தாண்டவராயரின் பாதி மீசை மடியில் விழுந்தது.

சபை குலுங்கிச் சிரித்தது. ராஜாவும் சிரித்தான். சிரித்துக்கொண்டே தன் தொண்டையைத் தடவியவனுக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று.

"அம்பலவா, வீட்டுக்கு ஓடு. பிள்ளை தேறிய பிறகு வா. உன் நெல்லில் ஒரு மணி குறையாது. இனி இந்த அரண்மனையில் யார் வீட்டில் யார் நோயில் விழுந்தாலும் இதுதான் சட்டம்."

"நெல்லும் கொடுத்து வீட்டுக்கும் அனுப்பினால்..." என்று இழுத்தார் தாண்டவராயர்.

"வேறு கை ஏது என்றீரே? அவன் வரும்வரை என் முகமும் பாதி, உம் மீசையும் பாதி. வேறு யாரும் தொடக்கூடாது!"

அம்பலவன் அதற்குள் தெருமுனையைத் தாண்டியிருந்தான்.

அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அவன் வாசலில் வந்து நின்றது யார் என்கிறீர்கள்? தாண்டவராயரேதான், அரண்மனை வைத்தியரையும் இழுத்துக்கொண்டு! "பிள்ளைக்கு இறங்கிற்றா?" என்று கேட்டார். மறுநாளும் வந்தார். வைத்தியர் கஷாயம் கொடுக்க, இவர் விசிறினார். முதலில் மீசைக்காகத்தான் வந்தார், பொய் சொல்வானேன். ஆனால் செவந்தி கண் திறந்து, அவர் முகத்தைப் பார்த்துக் களுக்கென்று சிரித்தபோது, மனுஷருக்குத் துண்டைப் போர்த்திக்கொள்ளத் தோன்றவில்லை.

அதற்கு அடுத்த நாள் காய்ச்சல் விட்டது. பிள்ளை கஞ்சி குடித்துவிட்டுத் தூங்கியது. அம்பலவன் கத்தியை எடுத்தான். "வாங்க சாமி, மீதியைச் சரிபண்ணிடறேன்."

தாண்டவராயர் உதட்டில் விரலை வைத்தார்.

"சும்மா இருடா! இப்போதுதான் கண் அசந்திருக்கிறது. நீ கத்தி தீட்டுகிற சத்தத்தில் எழுந்துவிடப் போகிறது."

சொல்லிவிட்டு விசிறியைக் கை மாற்றிக்கொண்டார்.