செவ்விளநீர் மரம் யாருக்கு?

பத்தொன்பது வருடமாகத் தணிகாசலத்துக்கு இந்தக் கதையில் சந்தேகம். சொல்பவர் அவருடைய அத்தான் வைத்தியலிங்கம். கல்யாணமோ காதுகுத்தோ, நாலு பேர் சேர்ந்தால் போதும், ஆரம்பித்துவிடுவார். கதையில் ஜெயிப்பதே தணிகாசலம்தான். அப்படியிருந்தும் ஒவ்வொரு முறையும் அவருக்கு இலையில் கை நின்றுவிடும்.

மயிலாடுதுறைக்குத் தெற்கே, அத்தான் வீட்டுக் கொல்லையில் படிக்கட்டு வைத்த ஒரு குட்டை. அடியில் முழங்கால் சேறு, மேலே போர்வை மாதிரிப் பாசி. விடியற்காலையில் கெண்டைகள் வாயை மேலே தூக்கி மூச்சுக்குத் தவிக்கும். பங்குனியில் ஒருநாள் அத்தான் சொல்லிவிட்டார்:

"தீபாவளிக்குள்ள தண்ணிக்குள்ள மூணாம் படி தெரியணும். இல்லேன்னா மண்ணடிச்சு மூடிடுவேன். தெளிய வெக்கிறவங்களுக்குக் கரையில நிக்கிற செவ்விளநீர் மரம். ஆயுசுக்கும் காய் அவங்களுக்கு."

அவர் மனைவி அபயாம்பாள், தணிகாசலத்தின் அக்கா, அன்று சாப்பிடவில்லை. தினமும் மிச்சச் சோற்றையும், வெள்ளிக்கிழமையானால் ஒரு படி பொரியையும் அந்த மீன்களுக்குப் போட்ட பிறகுதான் அவள் சாப்பிட உட்காருவாள். வாழ வந்த நாள் முதல் அப்படி.

முதலில் இறங்கியவர் வயல்வேலை பார்க்கும் உத்திராபதி. சித்திரையில் தண்ணீர் வற்றிக் குறைந்தபோது எட்டு நாள் சேற்றை வாரித் தென்னைகளுக்குப் போட்டார். புதுத் தண்ணீர் பளிச்சென்று இருந்தது. ஆனியில் பாசி திரும்பிவிட்டது.

அத்தானின் தம்பி சபேசன் காற்றுக்குமிழி விடும் மோட்டார் ஒன்றை வைத்தார். மீன்கள் தவிப்பது நின்றது, பாசி அசையவில்லை. "மீனுக்கு ஏசி போட்டுட்டான் என் தம்பி," என்றார் அத்தான்.

ஆவணியில் தணிகாசலம் போனார். வைக்கோலை வலைப்பையில் கட்டி மிதக்கவிட்டால் பாசி அடங்கும் என்று எங்கோ படித்திருந்தார். நாலு பை கட்டினார். அதே வாரம் அக்கா, மகளின் பிரசவத்துக்காகத் திருச்சிக்குக் கிளம்பினாள். இரண்டு பையை மாடு கரைக்கு இழுத்துத் தின்றுவிட்டது. "பாசி போகுதோ இல்லியோ, மாட்டுக்கு நல்ல வேட்டை," என்று சிரித்தார் உத்திராபதி.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு அக்கா திரும்பினாள். பையைக்கூட உள்ளே வைக்காமல் கொல்லைக்கு ஓடினாள். மூன்றாம் படி தெரிந்தது. உற்றுப் பார்த்தால் நாலாவதும்.

மறுநாள் சோற்றுக் கிண்ணத்தோடு அவள் இறங்கியபோது அத்தான் தடுத்தார்.

"அபயம், சோறு விழுந்தா உன் தம்பி போட்ட வைக்கோல் வேலை செய்யாது. மாட்டுத் தொட்டியில கொட்டு."

தம்பி பேரைக் கேட்டதும் அவள் மாட்டுத் தொட்டிப் பக்கம் திரும்பினாள். மரம் தணிகாசலத்துக்கு என்று அத்தான் ஊரறியச் சொன்னார். இன்றுவரை மாதம் தவறாமல் அக்கா காய் அனுப்புகிறாள்.

போன மாதம் தணிகாசலம் இளநீரைச் சீவினார். குடிக்க மனம் வரவில்லை. அப்படியே வைத்துவிட்டுப் பஸ் ஏறினார். அத்தானைக் கரைக்குத் தனியாக அழைத்துப் போய்க் கேட்டார்:

"சேறு வாரினது உத்திராபதி. மீனைக் காப்பாத்தினது சபேசன். என் வைக்கோல்ல பாதிய மாடு தின்னுடுச்சு. உண்மையைச் சொல்லுங்க அத்தான், இந்த மரம் யாருக்குச் சேரணும்?"

விடை: பாசிக்குத் தீனி, அக்காவின் சோறும் பொரியும்தான். மீன் தின்றது போக மிச்சம் அடியில் அழுகிச் சேறானது. பழைய சேற்றை உத்திராபதி வாரினார். புதிதாகச் சேராமல் நின்றது, அக்கா ஊரில் இல்லாததால். வேலைக்குப் பார்த்தால் மரம் உத்திராபதிக்கு. அத்தான் சொன்னது வேறு: "உத்திராபதிக்குப் பக்கத்து மரத்தை அப்பவே குடுத்துட்டேன். குட்டையைக் கெடுத்தது அவ போட்ட சோறுதான்னு உங்கக்காகிட்ட யாருடா சொல்றது? உன் வைக்கோல் பேரைச் சொல்லித்தான் நிறுத்தினேன். அந்தப் பேருக்குத்தான் உனக்கு மரம். போய் இளநீரைக் குடி."