பஜ்ஜி ட்ரிகர்

ஒரு அப்பளக் கம்பெனியில் கிளவுட் டேட்டாபேஸில் ஆர்டர் விழும்போதெல்லாம் கேன்டீனிலிருந்து மேல்மாடிக்கு ஒரு தட்டு பஜ்ஜி தானாகப் போனது. ஆர்டர் விழுந்ததும் கேன்டீனுக்குத் தானாகச் சொல்லிவிடும் ஒரு ட்ரிகரை, கம்பெனியின் கோடிங்கில் சேர்க்காமல், யாரோ திருட்டுத்தனமாகக் கையால் மாட்டியிருந்தார்கள். மேலே தட்டை எடுப்பது யார் என்று யாருக்கும் தெரியவில்லை.

"கம்ப்யூட்டர் வேலைக்குப் புதுசா வந்த இந்தச் செம்மலர் வேலைதான் ஐயா," என்று முதலாளியிடம் சொன்னார் மேனேஜர் தில்லைநாயகம். "இல்லைன்னா சாயங்காலத்துக்குள்ள ஆளைக் காட்டட்டும். காட்டலைன்னா வீட்டுக்குப் போகட்டும்." சொல்லிவிட்டு மாடியேறினார்.

அங்கேயே நின்றிருந்த செம்மலர் முதலாளி பக்கம் திரும்பினாள். "நம்ம ட்ரிகர் எல்லாத்தையும் கோடிங்ல எழுதி வச்சிருக்கோம் ஐயா. அதை ஒருதடவை ஓட்டினா, அதுல இல்லாத ட்ரிகர் எல்லாம் அழிஞ்சுடும்."

"அழிஞ்சா ஆள் எப்படித் தெரியும்?"

"பசிக்கும் ஐயா."

ஓட்டினாள். ஆர்டர்கள் விழுந்தன, பஜ்ஜி போகவில்லை. கொஞ்ச நேரத்தில் மாடிப்படி அதிர, காலித் தட்டோடு இறங்கி வந்தார் தில்லைநாயகம்.

"என் ட்ரிகர்ல எவன் கை வச்சது?"