பாறை மேல் உட்கார்ந்த குரு

குளத்தங்கரை ஆலமரத்தில் செங்கோடன் என்ற குரங்கு தன் மனைவி பொன்னாயியோடு வாழ்ந்து வந்தது. ஒரு மழைக்காலத்தில் சீன தேசத்துக் கொக்கு ஒன்று அங்கே வலசை வந்தது. விடிந்ததும் அது தண்ணீரில் நின்று ஒரு காலை மெல்லத் தூக்கும், சிறகை மெல்ல விரிக்கும், மெல்ல மடக்கும்.

"இது என்ன கூத்து! உனக்கு மீன் பிடிக்கத் தெரியாதா?" என்று சிரித்தது செங்கோடன்.

"இதன் பெயர் தாய்ச்சி, எங்கள் ஊர் உடற்பயிற்சி. சாகும்வரை தினமும் செய்தால், சாகும்வரை உடம்பு சொன்னபடி கேட்கும்!" என்றது கொக்கு.

செங்கோடனுக்கு மூளைக்குக் குறைவில்லை. கொக்கைப் பார்த்துப் பார்த்தே பத்து நாளில் அத்தனை அசைவும் மனப்பாடம். கொக்கு ஊர் திரும்பியதுதான் தாமதம், கரையிலிருந்த பாறையில் ஏறி உட்கார்ந்து, "இனி நானே குரு!" என்றது. மற்ற குரங்குகள் கீழே வரிசையாக நின்றன.

"மெதுவா! இன்னும் மெதுவா! இடுப்பைத் திருப்பு!"

வாய் மட்டும்தான் வேலை செய்தது. தட்சிணையாக வந்த வாழைப்பழத்தில் தொப்பை வளர்ந்தது.

ஆண்டுகள் ஓடின. பாறையிலிருந்து இறங்கவே அதற்கு இரண்டு சீடர்கள் கைகொடுக்க வேண்டியிருந்தது. தினமும் வரிசையில் நின்று பழகிய பொன்னாயிக்கு மனசு கேட்கவில்லை.

"ஏங்க, நீங்களும் கொஞ்சம் செய்யக் கூடாதா? முட்டி மடங்கவே மாட்டேங்குதே!"

"போடி! எனக்குத் தெரியாத அசைவு ஒண்ணு இருக்கா? குருவே வரிசையில வந்து நின்னா எவன் மதிப்பான்?"

ஒரு நாள் காலை, பயிற்சி நடந்துகொண்டிருக்கும்போதே புதரிலிருந்து சிறுத்தை வெளியே வந்தது. குரங்குகள் சிதறி ஓடி மரமேறின. வயதான பொன்னாயியும் விழுதைப் பற்றி ஏறிவிட்டது. பாறைக்கும் விழுதுக்கும் நாலு முழம்தான் இடைவெளி.

"தாவுங்க! தாவுங்கன்னா!" என்று அலறியது பொன்னாயி.

எந்தக் காலில் எடையை வைப்பது, எப்போது மூச்சை விடுவது, எல்லாம் செங்கோடனுக்குத் தெரியும். முட்டிதான் மடங்கவில்லை.

சிறுத்தைக்கு அவசரமே இல்லை. மெதுவாகத்தான் வந்தது.

மறுநாள் காலை, பொன்னாயியின் அழுகை ஓயும் முன்பே, சீடர்களில் ஒன்று அந்தப் பாறையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. "மெதுவா! இன்னும் மெதுவா!" என்று கத்தத் தொடங்கியது.

கற்று வைத்த பயிற்சி உடம்பைக் காக்காது; கடைசி நாள்வரை செய்கிற பயிற்சிதான் காக்கும்.