எந்த பட்டனுக்கும் வராத நாய்

விமர்சகர் வித்யாதரன் வாயைத் திறந்தால் போதும், வீடியோ கேம் செய்கிறவர்கள் ஓடி ஒளிவார்கள். கோயம்புத்தூர் கேம் விழா மேடையில் அன்றைக்கு அவரிடம் மாட்டியவள் ஜெசிந்தா. வேலையை விட்டுவிட்டுத் தனி ஆளாக ஒரே ஒரு கேம் செய்திருந்தாள். மிரண்டுபோன தெருநாயைப் பழக்க வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம்.

“போன வாரம் வந்த கார் ரேஸ்ல வேகம் இல்லை. பேய் கேம்ல பயம் இல்லை. உன் கேம்ல நாயே வரலையேம்மா! எல்லா பட்டனையும் அமுக்கிப் பார்த்துட்டேன். எதை அமுக்கினா வரும்னு இப்பவே காட்டு. இல்லைன்னா பத்துக்குப் பூஜ்யம்!”

அவர் பூஜ்யம் போட்ட கேமை ஒருத்தரும் வாங்கமாட்டார்கள்.

“காட்டுறேன் சார். முதல்ல காபியைக் குடிங்க, ஆறுது.”

கையிலிருந்த பட்டன் கண்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு டம்ளரை எடுத்தார். பாதி காபி இறங்கியிருக்கும். திரையில், குப்பைத்தொட்டிக்குப் பின்னாலிருந்து நாய் எட்டிப் பார்த்தது. நொண்டி நொண்டி வந்து, கேமில் அவர் இயக்கிய ஆளின் காலடியில் சுருண்டு படுத்தது.

“எதைம்மா அமுக்கினே?”

“ஒண்ணுமே அமுக்கலை சார். அடி வாங்கின நாய். கை சும்மா இருந்தாத்தான் கிட்ட வரும்.”

கூட்டம் அரங்கம் அதிரக் கைதட்டியது. “மார்க் எவ்வளவு சார்?” என்று யாரோ கத்தினார்கள்.

வித்யாதரன் கண்ட்ரோலரைத் தொடவே இல்லை. மைக்கை உதட்டோடு ஒட்டிவைத்துக் கிசுகிசுத்தார்.

“சத்தம் போடாதீங்கய்யா. இப்பத்தான் தூங்குது.”