உருள்பட்டை இளைத்த கதை

அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் திரைக்குள் இருந்த எல்லாவற்றுக்கும் வாய் இருந்தது. பொத்தான் பேசும், சாளரம் பேசும், மவுஸ் சுட்டி பேசிக்கொண்டே ஓடும். வெளியே உட்கார்ந்திருக்கும் மனிதர்கள் காதில் மட்டும் அது விழாது. விழுந்திருந்தால் யாருக்கும் வேலை ஓடியிருக்காது, அவ்வளவு வம்பு.

அப்போது உருள்பட்டை, அதாவது ஸ்க்ரோல் பார், இன்றைக்கு இருப்பது போல ஒல்லிக்குச்சி இல்லை. நல்ல தாட்டியான உடம்பு. தலையில் ஓர் அம்புக்குறி, காலடியில் ஓர் அம்புக்குறி. பெரிய சாளரத்தின் வலது ஓரத்தில் நின்றுகொண்டு, கீழே ஒளிந்திருப்பதை மேலே இழுத்துக் காட்டுவதுதான் அதன் வேலை. அந்த வேலையில் அதற்குக் கொள்ளைப் பெருமை. அந்த இரண்டு அம்புகள் மேல் அதைவிடப் பெருமை.

அதற்கு ஆகாத ஒரே ஆள் பாப்-அப். படக்கென்று முளைத்து, ஒரு கேள்வி கேட்டு, பதில் வந்ததும் மறைந்துபோகுமே, அந்தக் குட்டிச் சாளரம்தான். ஒவ்வொரு பாப்-அப்பும் பிறக்கும்போதே கையில் ஒரு சீட்டோடு பிறக்கும். அகலம் இவ்வளவு, உயரம் இவ்வளவு என்று அதில் எழுதியிருக்கும். கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: ‘உருள்பட்டை வேண்டாம்.’

ஒருமுறை தெரியாத்தனமாக உருள்பட்டை ஒரு பாப்-அப்புக்குள் எட்டிப் பார்த்துவிட்டது. அது நுழைந்த நுழைப்பில் எழுத்தெல்லாம் இடது பக்கம் நெருக்கித் தள்ளப்பட்டு, ஒரு வரி இரண்டு வரியாக உடைந்தது. பாப்-அப் போட்ட கூச்சலில் திரையே கொஞ்ச நேரம் உறைந்து நின்றுவிட்டது. அதற்குப் பிறகு உருள்பட்டை அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை.

இப்படியிருக்க, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், பாவூர்சத்திரத்தில் முப்புடாதி என்பவர் நடத்திய பிரவுசிங் சென்டருக்கு சண்முகக்கனி டீச்சர் வந்தார். அவருடைய கணவருக்கு வால்பாறையில் வேலை. இவருக்கு இங்கே பள்ளிக்கூடம். கல்யாணமாகி ஆறு வருஷம், கோடை விடுமுறையை விட்டால் இருவரும் ஒரே வீட்டில் இருந்ததில்லை. வால்பாறைக்கு இடமாறுதல் கேட்டு விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். ஐந்து மணியோடு சரி.

நாலே முக்காலுக்கு எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிட்டு ‘அனுப்பு’ என்பதை அமுக்கினார். பாப்-அப் முளைத்தது.

இந்த இடத்தில்தான் வினை. அந்தப் பாப்-அப்பின் சீட்டை எழுதியவர் ஆங்கில வாசகத்துக்கு அளவெடுத்திருந்தார். பிறகு யாரோ புண்ணியவான் வாசகத்தைத் தமிழில் மாற்றினார். மாற்றியது நல்ல காரியம்தான், ஆனால் நம் தமிழ் சும்மா இருக்குமா? ஆறு வரி பதினோரு வரியாகிவிட்டது. ‘ஓகே’ என்று இரண்டே எழுத்தில் முடிந்த இடத்தில் ‘விவரங்கள் சரியென உறுதியளிக்கிறேன்’ வந்து சம்மணம் போட்டுக்கொண்டது. உயரத்தை மட்டும் யாரும் மாற்றவில்லை. வளர்ந்த பிள்ளைக்குப் பழைய அளவிலேயே சட்டை தைத்த மாதிரிதான். உறுதிப் பொத்தானும் அதன் பக்கத்தில் இருந்த ரத்துப் பொத்தானும் கீழ் விளிம்புக்கு அடியில் போய் மறைந்துவிட்டன.

“ஏய், நான் இங்கதான் கெடக்கேன்! யாராவது தூக்கி விடுங்களேன்!” என்று அடியிலிருந்து உறுதிப் பொத்தான் கத்தியது.

“அண்ணே, இங்க கொஞ்சம் வாங்க. உறுதி பண்ணுங்கன்னு போட்டிருக்கு, பொத்தானைக் காணலியே” என்றார் டீச்சர்.

முப்புடாதி வந்து குனிந்து பார்த்தார். “ஓரத்தைப் புடிச்சு இழுங்க டீச்சர், பெருசாவும்.”

“அசைய மாட்டேங்குது.”

“அப்பம் மூடிட்டு மறுபடி தொறப்பமா?”

“மூடுனா விண்ணப்பம் ரத்தாயிரும், இந்த வருஷம் மறுபடி போட முடியாதுன்னு மேலயே போட்டிருக்கு, பாருங்க.”

“கீபோர்டுல எதையாவது தட்டிப் பாத்தா?”

“கீழ ரத்துப் பொத்தானும் இருக்கும்லா அண்ணே. கண்ணுக்குத் தெரியாம அதுல போய் விழுந்துட்டா?”

முப்புடாதி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி நாலு ஐம்பத்தொன்று.

டீச்சர் திரைக்கு வெகு அருகே முகத்தைக் கொண்டுவந்தார். ஒரு மனித முகத்தை அவ்வளவு கிட்டத்தில் உருள்பட்டை பார்த்ததில்லை. மேலுதட்டில் வேர்வை. கண் தளும்பி நின்றது. உருள்பட்டைக்கு மனசு கேட்கவில்லை. கீழே இருப்பதை மேலே இழுக்கிற வேலை தெரிந்த ஒரே ஆள் தான்தான் என்று அதற்குத் தெரியும். தெரிந்தும் சும்மா நிற்பது அதற்கு வலித்தது.

“எக்கா, என்னைக் கொஞ்சம் உள்ள விடு” என்று பாப்-அப்பிடம் கேட்டது.

“சீட்டைப் படிச்சியா? வேண்டாம்னு போட்டிருக்கு.”

“அந்தப் பிள்ளை மூஞ்சியப் பாத்தியா?”

“நான் பாத்துட்டுதான் இருக்கேன். எனக்கு மட்டும் வருத்தம் இல்லியா? ஆனா நீ நுழைஞ்சா என் எழுத்தெல்லாம் நசுங்கிரும். அப்பறம் அவ என்னத்தைப் படிப்பா?”

சுட்டிக்குக் கேலி இல்லாமல் பேச வராது. “வே, உம்ம உடம்புக்கு அங்க இடம் ஏது? ஆனை வந்து ஆட்டோல ஏறுன மாதிரி இருக்கும்” என்றது.

உருள்பட்டை தன்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துக்கொண்டது. பிறகு யாரும் எதிர்பார்க்காத காரியத்தைச் செய்தது. தலையிலிருந்த அம்பைக் கழற்றி வைத்தது. காலடி அம்பையும், வாசலில் செருப்பை விடுவது போலக் கழற்றி வைத்தது. மூச்சை உள்ளே இழுத்தது. இழுத்துக்கொண்டே இருந்தது. தொப்பை போயிற்று, தோள் போயிற்று. கடைசியில் ஒரு கோடுதான் மிச்சம். அந்தக் கோடு, சீட்டை மீறி, பாப்-அப்பின் வலது ஓரத்தில் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

“ஐயோ, எம் எழுத்து!” என்று பாப்-அப் கண்ணை இறுக மூடிக்கொண்டது. மெல்லத் திறந்து பார்த்தால், ஒரு புள்ளிகூட நகரவில்லை.

“அண்ணே, இந்த ஓரத்துல என்னமோ கோடு மாதிரித் தெரியுது!”

“அதப் புடிங்க டீச்சர், அதத்தான்! மெதுவா கீழ இழுங்க!”

சுட்டி ஓடிப்போய் உருள்பட்டையைக் கட்டிப் பிடித்தது. அப்போது அது கேலி பண்ணவில்லை. டீச்சர் மெதுவாக இழுத்தார். பத்தாவது வரி வந்தது, பதினோராவது வரி வந்தது. கிணற்றிலிருந்து ஏறி வருவது போல மூச்சிரைத்துக்கொண்டு உறுதிப் பொத்தான் மேலே வந்தது. ‘விவரங்கள் சரியென உறுதியளிக்கிறேன்.’ அமுக்கினார்.

நாலு ஐம்பத்தேழு. அதே பாப்-அப்பில் வந்தது: ‘உங்கள் விண்ணப்பம் பெறப்பட்டது.’

டீச்சர் மேசையில் நெற்றியை வைத்துக்கொண்டு சிரித்தார். அழுதார் என்றும் சொல்லலாம். முப்புடாதி மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, தானும் ஒரு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். டீச்சர் உடனே கணவருக்குப் போன் போட்டார்.

“ஏங்க, போயிட்டு!”

“போயிட்டா? ஐயய்யோ, நேரம் முடிஞ்சிட்டா?”

“அட, அந்தப் போயிட்டு இல்லங்க. விண்ணப்பம் நல்லபடியாப் போயிட்டு!”

அந்தப் பக்கமிருந்து ஒரு நீண்ட மூச்சு. அது திரைக்குள்ளிருந்த உருள்பட்டைக்குக்கூடக் கேட்டது. அதற்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

மறைவதற்கு முன்னால் பாப்-அப் உருள்பட்டையைக் கூப்பிட்டது. “கேளு தம்பி. அந்தக் கடைசி வரியை இனிமே எங்க வம்சத்துல யாரும் மதிக்க மாட்டோம், சொல்லிட்டுப் போறேன். ஆனா ஒண்ணு. உள்ள எல்லாம் ஒழுங்கா அடங்கியிருந்தா நீ கண்ணுல படக் கூடாது.”

“சம்மதம். ஆனா அடங்கலன்னா உங்கிட்டக் கேக்க மாட்டேன், வந்துருவேன்” என்றது உருள்பட்டை.

பாப்-அப் சிரித்துக்கொண்டே மறைந்தது. கழற்றிவைத்த அம்புகளை எடுத்துக்கொள்ளச் சொல்லி சுட்டி எவ்வளவோ கூப்பிட்டது. உருள்பட்டை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உடம்பு லேசாக இருப்பது அதற்குப் பிடித்துப்போய்விட்டது.

ஜூன் மாதம் மாறுதல் ஆணையை அச்செடுக்க டீச்சர் அதே சென்டருக்கு வந்தார். சாமான் கட்டுவதற்காக வந்திருந்த கணவரும் கூட வந்தார். அணைந்திருந்த திரையின் வலது ஓரத்தைத் தொட்டு, “இந்த இடத்துலதாங்க வந்தது” என்று டீச்சர் காட்டினார்.

அன்று முதல்தான், சீட்டில் என்ன எழுதியிருந்தாலும், பாப்-அப்புக்குள் விஷயம் அடங்காமல் போனால் அம்பில்லாத ஒல்லி உருள்பட்டை கூப்பிடாமலே ஓரத்தில் வந்து நிற்கிறது. நமக்கு வேண்டியதை மேலே ஏற்றிக் கொடுத்துவிட்டு, வந்த சுவடு தெரியாமல் மறைந்தும் போகிறது.